சீவிய ஹெட்டும் கள்ளக்கடலும்

என் நண்பன் தன் மீன்பிடி வள்ளத்து என்ஜினின் தலைமூடியான ஹெட்டை ஒரு பழைய கைலியில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது மீன் வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் சேர்ந்து பட்டறை முழுக்கப் பரவின. பட்டறை கேரள எல்லைக்குள் பாறசாலையில், ஹைவேயை விட்டு உள்ளே திரும்பும் சாலையில் இருக்கிறது. ஜீப், ஆட்டோ, மினி லாரி என்ஜின்களைப் பிரித்து, சூட்டில் வளைந்துபோன ஹெட்டுகளின் அடிப்பரப்பைச் சீவி நேராக்குவது என் பிழைப்பு. பெருங்கடவிளைப் பக்கமிருந்து ரப்பர் ஏற்றும் ஜீப்புகள் அதிகம் வரும். வள்ளத்து என்ஜின் வருவது அபூர்வம்.

"இதச் சீவித் தா மக்கா. மண்ணெண்ணெ இப்பம் கெடைக்கதே இல்ல. இனி பெட்ரோலுலதான் ஓட்டணும்" என்றான்.

அவனும் நானும் ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். படிப்பு முடிந்ததும் அவன் பொழியூருக்குத் திரும்பித் தன் அப்பாவின் வள்ளத்தில் ஏறினான். நான் மில்லிங் மெஷினைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டில் அப்பாவும் அவருக்கு முந்தியவர்களும் சர்க்கார் ஆபீசில் எழுத்து வேலை பார்த்தவர்கள். கடலோடு எங்களுக்கு இருந்த உறவு ஆடி அமாவாசையன்று முன்னோருக்குக் கொடுக்கும் கர்க்கடக வாவு பலியோடு சரி. முட்டளவு தண்ணீரில் நின்று பிண்டத்தை விட்டுவிட்டு, காலடி மண்ணை அலை இழுக்க ஆரம்பித்ததும் கரையேறிவிடுவோம். அந்த இழுப்பு எனக்குப் பிடிக்காது. நீந்தவும் தெரியாது.

மண்ணெண்ணெயில் ஓடும் என்ஜினின் ஹெட்டில், பிஸ்டனுக்கு மேலே கவிழ்ந்திருக்கும் குழி கொஞ்சம் பெரிதாக இருக்கும். அந்தக் குழிக்குள்தான் காற்றும் எண்ணெயும் நெருக்கப்பட்டு எரிகின்றன. மண்ணெண்ணெயை ரொம்ப நெருக்கினால் நேரம் பார்க்காமல் தானே வெடித்துவிடும் என்பதால் குழியைப் பெரிதாக விட்டிருக்கிறார்கள். பெட்ரோல் நெருக்கலைத் தாங்கும். ஆகவே அதே குழியில் பெட்ரோலை எரித்தால் பாதி வலு வீணாகும். ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவினால் குழியின் ஆழம் குறையும், நெருக்கம் கூடும், வள்ளத்துக்குத் தள்ளல் கிடைக்கும். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் அலுமினியத்தில் சீவியது சீவியதுதான். ஒரு முடி அதிகமாகப் போனால் திரும்ப ஒட்ட வழியில்லை.

ஜீப்பின் ஹெட்டில் நான் தவறு செய்தால் ஜீப் ஏதாவது வளைவில் நிற்கும். டிரைவர் இறங்கி என்னைத் திட்டிக்கொண்டே பஸ் பிடித்து வீட்டுக்குப் போவான். கடலில் என்ஜின் நின்றால் இறங்க இடமில்லை. இந்த நினைப்பு கட்டரை இறக்கும்போதே என் கையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவசரப்படாமல் செய்தேன். குழிகள் இரண்டு. நடுவில் ஓட்டை போட்ட கண்ணாடித் தகட்டைக் கிரீஸ் தடவி ஒவ்வொரு குழியின்மேலும் ஒட்டி, சிரிஞ்சால் மெல்லிய எண்ணெயை விட்டு, எவ்வளவு பிடிக்கிறது என்று பார்த்தேன். கட்டரை ஒரு தாள் கனத்துக்கு இறக்குவேன், சீவுவேன், ஊதித் துடைப்பேன், மறுபடியும் எண்ணெய் விட்டு அளப்பேன். இரண்டு குழியும் ஒரே அளவு பிடிக்கும்வரை விடவில்லை. பிறகு, அவன் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிய என்ஜினின் பிஸ்டன் தலையில் ஈயக் கம்பியை வைத்து, ஹெட்டை மாட்டி, என்ஜினைக் கையால் சுற்றி, நசுங்கிய கம்பியின் கனத்தைப் பார்த்தேன். பிஸ்டன் ஹெட்டில் இடிக்காது. அது நிச்சயம். நண்பன் இதையெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"எலே, நீ பேங்குல நகை உரசிப் பாக்கவன் மாதிரியில்லா இருக்கே" என்றான்.

என்ஜினைப் பெரிய தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓட்டிப் பார்த்தோம். சத்தம் சுத்தமாக இருந்தது. ஆனால் பாரம் இழுக்கும்போது என்ன சத்தம் வரும் என்பது டிரம்மில் தெரியாது.

"சத்தத்த நான் கேக்காம நீ வலய ஏத்திக்கிட்டுப் போவாதே" என்றேன்.

"அப்பம் நீயும் வா. வள்ளத்துல இருந்து கேளு."

நான் கரையில் நின்று கேட்பதாகத்தான் நினைத்திருந்தேன். அவன் முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. எனக்குப் பட்டறை விடுமுறை. பொழியூரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போவதில்லை, ஆகையால் கரையில் கூட்டமிருக்காது. காலையில் சட்டை மாற்றும்போதுதான் மனைவியிடம் சொன்னேன்.

"கடலுக்கா? நீங்களா?" என்றாள். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "எதுக்கு? சத்தம் கேக்கதுக்கா?"

"சும்மா ஒரு ரவுண்டு. உச்சைக்கு முன்ன வாறேன்."

அவள் வாசல்வரை வந்து, என் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்தாள். குளத்தூர் தாண்டி காற்றில் உப்பு ஏறத் தொடங்கியபோது திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை நினைத்தேன்.

பொழியூரில் கரை என்று இப்போது மிச்சமிருப்பது கொஞ்சம்தான். கடல் சாலையைத் தின்று, சாலைக்கு அந்தப்பக்கத்து வீடுகளின் முன்சுவர்களையும் தின்றிருக்கிறது. அலையைத் தடுக்க லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்வரிசைகளுக்கு நடுவே விட்டிருக்கும் மணல் இடைவெளியில்தான் வள்ளங்கள் இறங்கவும் ஏறவும் வேண்டும். அன்று கடல் குளம்போலக் கிடந்தது. காற்றே இல்லை.

வள்ளத்தில் மூன்றாவதாக ஒருவர் வந்தார். நண்பனுடைய மனைவியின் அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர். நண்பன் அவரை "அளியா" என்று கூப்பிடுவான். நான் "அண்ணா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குக் கொடுத்த மிதவைச் சட்டையை நான் மாட்டத் தெரியாமல் தடுமாறியபோது மட்டும் வந்து வாரை இழுத்துக் கட்டிவிட்டார்.

கிளம்பும்போது என்ஜினருகே கொக்கியில் மாட்டியிருந்த சின்ன டாங்கிலிருந்து பெட்ரோல் போனது. பழைய பழக்கம் அது. மண்ணெண்ணெயில் குளிர்ந்த என்ஜின் கிளம்பாது. ஆகையால் முதலில் சின்ன டாங்கின் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் குழாயைத் திருப்பிப் பெரிய டாங்கிலிருந்து மண்ணெண்ணெய் விடுவார்கள். இப்போது இரண்டிலுமே பெட்ரோல்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வள்ளம் அலைகளைத் தாண்டியதும் நண்பன் என்ஜின் கைப்பிடியைத் திருகினான். முன்பக்கம் தூக்கிக்கொண்டது. பின்னால் வெள்ளை நுரை இரண்டாகப் பிளந்து ஓடியது.

"எலே, பாத்தியா! பறக்குதுலே!" என்று கத்தினான்.

நான் குறுக்குப் பலகையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். கீழே தண்ணீர் பச்சையிலிருந்து நீலமாகி, பிறகு நிறமே சொல்ல முடியாத ஒன்றாக மாறிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க என்ஜினை மட்டும் பார்த்தேன். அதன் சத்தம் நன்றாக இருந்தது. கனமாக, இடைவெளியில்லாமல், ஒரே நூலாக ஓடியது. கரையின் தென்னைகள் ஒரு பச்சைக் கோடாகச் சுருங்கிய இடத்தில் நண்பன் குழாயைப் பெரிய டாங்குக்குத் திருப்பினான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அந்த நூலில் ஒரு பிசிறு விழுந்தது. ஆணித் தலையைச் சின்னச் சுத்தியலால் விடாமல் தட்டுவது போன்ற சத்தம். ஓசை பெரிதில்லை. நண்பனுக்கு அது கேட்கவே இல்லை. எனக்குக் கேட்டது.

"கொற! கொற!" என்று கத்தினேன்.

அவன் வேகத்தைக் குறைத்தான். நான் தவழ்ந்துபோய் என்ஜின் மூடியைக் கழற்றி, நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஹெட்டில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்தேன். தட்டல் இரண்டு சிலிண்டரிலும் இருந்தது. இன்னும் குறைக்கச் சொன்னேன். அப்போதும் நிற்கவில்லை.

அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியதெல்லாம் கட்டர் இறங்கிய கணக்குதான். அதிகமாகச் சீவிவிட்டேனா? சிரிஞ்சைத் தப்பாகப் படித்தேனா? கண்ணாடிக்குக் கீழே காற்றுக் குமிழ் நின்றிருந்தால் அளவே தப்பாகியிருக்குமே. இப்படித் தட்டித் தட்டியே பிஸ்டன் தலை ஓட்டையாகும் என்று எனக்குத் தெரியும்.

"நிறுத்து" என்றேன்.

என்ஜின் நின்றதும் வந்த அமைதியைப் போல ஒன்றை நான் அதுவரை அனுபவித்ததில்லை. வள்ளம் இப்படியும் அப்படியும் மெல்லச் சாயத் தொடங்கியது. பக்கவாட்டில் தண்ணீர் தளக் தளக் என்று தட்டியது. ஓரத்தில் குனிந்து, காலையில் தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். அதன் வெள்ளைப் பீங்கானில் பொடி மணல் தூவியதுபோல அலுமினியப் பொட்டுகள் மினுங்கின. அவை பிஸ்டனிலிருந்து வந்தவை. அரிப்பு தொடங்கிவிட்டது.

"என்னா? சொல்லு" என்றான் நண்பன்.

நான் பெரிய டாங்கின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாடைக்கு அடியில் இன்னொன்று இருந்தது. விரலை விட்டெடுத்து வெயிலில் காட்டினேன். பெட்ரோல் என்றால் ஊதுவதற்குள் உலர்ந்திருக்கும். இது உலரவில்லை. விரல் பிசுபிசுவென்று கிடந்தது. பெட்ரோலோடு கலக்கிற ஆயில்கூட இவ்வளவு பிசுக்கு விடாது.

"இதுல மண்ணெண்ணெ உண்டு."

நண்பன் என்னை நம்பாமல் தானும் மோந்தான். பிறகு முன்பக்கம் திரும்பினான். "அளியா?"

அவர் திரும்பாமலே, "வீட்டுல கேனுல கெடந்தது. பாதிக்குப் பாதி ஊத்தினேன்" என்றார்.

"எதுக்கு? நான் சொன்னேன்லா ஊத்தாண்டாம்னு?"

"டாங்கு நெறய பெட்ரோலா? நடுக்கடலுல?" அவர் குரல் திடீரென்று உயர்ந்தது. "ஒரு பீடிப் பொறி போதும். எனக்க கூட ஒருத்தன் வள்ளத்தோட எரிஞ்சத நான் பாத்தவனாக்கும். வெள்ளத்துல சாடியும் அணையல்ல. மண்ணெண்ணெ அப்பிடித் தீப் பத்தாது. அதான் ஊத்தினேன்."

நண்பன் அவரைத் திட்டினான். கெட்ட வார்த்தைகளாலேயே திட்டினான். எனக்கோ அந்த நடுக்கடலில், நான் சீவியது சரிதான் என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அப்படி நினைத்தது எனக்கே அசிங்கமாகப் பட்டது. அடுத்த கணம் அந்த நிம்மதியும் போய்விட்டது. பெரிய டாங்கிலுள்ளது இந்த ஹெட்டுக்கு விஷம். சின்ன டாங்கை ஆட்டிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் சலசலத்தது.

அப்போது நண்பனின் போன் அடித்தது. கரையிலிருந்து அவன் மனைவி. சத்தமாகப் பேசியதால் எங்களுக்கும் கேட்டது.

"எங்க இருக்கிய? இஞ்ச வராண்டாம். கடலு ஏறி அடிக்குது. கல்லுக்கு மேல வெள்ளம் சாடுது. கள்ளக்கடலாக்கும், எல்லாரும் சொல்லுதாவ…"

சிக்னல் அறுந்துவிட்டது. அவன் மறுபடி அழைத்துப் பார்த்தான். கிடைக்கவில்லை.

கள்ளக்கடல் என்று எங்கள் பக்கத்தில் சொல்வது, காற்றோ மழையோ இல்லாமல், எங்கோ தூரத்தில் கிளம்பிய அலைகள் திருடன்போல வந்து கரையில் ஏறுவதை. போனில் எச்சரிக்கை வரும். அன்றைக்கு வந்ததோ இல்லையோ, எங்களில் ஒருவரும் பார்த்திருக்கவில்லை. நாங்கள் இருந்த இடத்தில் கடல் அப்போதும் வழவழப்பாகத்தான் இருந்தது. ஆனால் வள்ளம் மெல்ல மேலே போய், மெல்லக் கீழே இறங்கியது. யாரோ அடியில் பெரிதாக மூச்சு விடுவதுபோல. கரைப்பக்கம் பார்த்தேன். அந்தப் பச்சைக் கோட்டின் அடியில் வெள்ளைப் புகை எழுந்து விழுந்தது. கொஞ்சம் கழித்து அதன் சத்தம் வந்து சேர்ந்தது.

"விழிஞ்ஞத்துக்குப் போனா என்ன?" என்று கேட்டேன். அங்கே துறைமுகம் இருக்கிறது. அலை இருக்காது.

"எதுல போவ? இந்த எண்ணெயிலயா? தாங்குமா?"

தாங்காது. மெல்ல ஓட்டும்போதே தட்டியது. பாதி வழியில் பிஸ்டன் போனால் ஞாயிற்றுக்கிழமைக் கடலில் எங்களைக் காண ஆளில்லை. அலை அடங்கும்வரை கிடக்கலாம் என்றால், சும்மா ஓட்டிப் பார்க்கத்தானே என்று நங்கூரத்தையும் கயிற்றையும் கரையில் விட்டு வந்திருந்தார்கள். நீரோட்டம் எங்களை மெல்லக் கல்வரிசைப் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அளியன் அதைச் சொல்லாமலே துடுப்பை எடுத்துப் போடத் தொடங்கியிருந்தார்.

நண்பன் எழுந்து நின்று கரையைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அதுவரை கடலைக் கண்டு பயப்படுகிறவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பில் ஒரு பத்திரம் இருந்தது.

"அல ஒரே மாதிரி வராது" என்றான். "பெரிசா கொஞ்சம் வரும், பொறவு கொஞ்ச நேரம் சும்மா கெடக்கும். அந்த நேரத்துல ஒரே பாச்சல். கல்லுக்கு நடுவே நேரா ஏத்தணும். பாதியில நின்னா பின்னால வாறது தூக்கிக் கல்லுல அடிச்சிடும்." என்னைப் பார்த்துக் குனிந்தான். "உள்ளத சொல்லு மக்கா. சின்ன டாங்குல உள்ளதுல, முழுசாத் திருகினா தாங்குமா?"

பிஸ்டன் எவ்வளவு அரிபட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஹெட்டைக் கழற்றாமல் தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. அந்தப் பொட்டுகள் வெறும் தூசியாகவும் இருக்கலாம், கடைசித் தோலாகவும் இருக்கலாம்.

"தாங்கும்" என்றேன். "சுத்தமான பெட்ரோலுன்னா தாங்கும்."

என் வாய் அதைச் சொன்னது.

கார்புரேட்டரின் அடியிலுள்ள திருகைக் கழற்றி, அதில் தேங்கியிருந்த கலப்பு எண்ணெயையெல்லாம் வடித்தேன். இந்தத் திருகு வழுக்கிக் கடலில் விழுந்தால் எல்லாம் முடிந்தது என்ற நினைப்பில், அதை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டேன். மண்ணெண்ணெய்க் கசப்பு நாக்கில் ஏறியது. சின்ன டாங்கிலிருந்து ஒரு வாய் பெட்ரோலை விட்டுக் குழாயைக் கழுவினேன். அது வீணாவதைப் பார்க்க மனம் பதறியது. ஆனாலும் கழுவாமல் விட முடியாது. திருகை மாட்டினேன். பிளக்குகளைத் துடைத்துப் போட்டேன்.

துடுப்பை மாற்றி மாற்றிப் போட்டு வள்ளத்தை இடைவெளிக்கு நேராகக் கொண்டுவந்தார்கள். அலை உடையும் இடத்துக்கு வெளியே காத்துக் கிடந்தோம். கடலுக்குள்ளிருந்து பார்த்தால் அலையின் முதுகு மட்டுந்தான் தெரியும். வழவழப்பான, கறுத்த முதுகுகள். ஒவ்வொன்றும் எங்களைத் தூக்கிவிட்டு முன்னே போய்க் குனியும். ஒரு கணம் கரையே மறைந்துபோகும். பிறகு இடி விழுந்ததுபோலச் சத்தம், கல்லுக்குமேல் தென்னை உயரத்துக்கு வெள்ளை. கரையில் ஆட்கள் கூடிவிட்டிருந்தார்கள். சிலர் துண்டை வீசிக்கொண்டிருந்தார்கள். வா என்கிறார்களா வராதே என்கிறார்களா என்று எனக்குப் புரியவில்லை.

"எடு" என்றான் நண்பன்.

நான் என்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தேன். என்ஜின் இருமிவிட்டு நின்றது. மறுபடி இழுத்தேன். இருமல்கூட இல்லை. அளியன் முன்பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றுவரை யாரிடமும் விவரித்துச் சொன்னதில்லை. நண்பன் என்னை விலக்கிவிட்டுத் தானே கயிற்றைச் சுருட்டி, முழு உடம்பாலும் இழுத்தான். பிடித்தது.

அவன் மெல்ல ஓடவிட்டுக்கொண்டு முதுகுகளைப் பார்த்தான். ஒன்று போனது. அதைவிடப் பெரிதாக ஒன்று போனது. அடுத்தது போனது. பின்னால் கடல் கொஞ்சம் தட்டையாகத் தெரிந்தது.

"பிடிச்சிரி!" என்று கத்தி முழுவதுமாகத் திருகினான்.

நான் பலகையைப் பிடிக்கவில்லை. ஒரு கை என்ஜின்மேல் இருந்தது. எந்தக் கணத்திலும் அந்தத் தட்டல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கனமாக, சீராகப் பாடியது. முன்னால் போகும் அலையின் முதுகில் நாங்கள் ஏறிக்கொண்டோம். இருபக்கமும் கறுப்புக் கற்கள் நெருங்கி வந்தன. ஈரக் கல்லில் ஒட்டியிருந்த பாசிகூடத் தெரிந்தது.

அங்கே என்ஜின் ஒரு மூச்சைத் தவறவிட்டது. ஒரே ஒரு இடறல். வள்ளம் முன்பக்கம் தாழ்ந்திருந்ததால் சின்ன டாங்கில் மிச்சமிருந்தது ஒரு மூலைக்கு ஓடிவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. நான் டாங்கை அதன் கொக்கியிலிருந்து பிடுங்கித் தலைக்குமேல் தூக்கிச் சாய்த்துப் பிடித்தேன். என்ஜின் மறுபடி பிடித்தது. திரும்பிப் பார்க்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் பார்த்தேன். பின்னால் ஒன்று எழுந்து நின்றது. அதன் உச்சியில் வெயில் பச்சையாக ஊடுருவியது.

வள்ளம் மணலில் இடித்ததும் அது எங்கள்மேல் விழுந்ததும் ஒன்றாக நடந்தன. அடுத்து எனக்கு நினைவிருப்பது வாய் நிறைய மணலும், காதுக்குள் இரைச்சலும், என் காலைப் பிடித்து யாரோ கடலுக்குள் இழுப்பதுபோன்ற அந்த இழுப்பும்தான். கையால் எதையாவது பிடிக்கப் பார்த்தேன். மணல் மட்டுந்தான் அகப்பட்டது, அதுவும் என்னோடு சேர்ந்து ஓடியது. பிறகு ஒரு கை என் மிதவைச் சட்டையின் கழுத்தைப் பிடித்துத் தூக்கியது.

"கயறு பிடிக்கெடா! வள்ளம் விடல்லே!" என்று சுற்றிலும் மலையாளத்தில் கூச்சல். பத்துப் பதினைந்து பேர் வள்ளத்தை மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைத் தூக்கிய கை அளியனுடையது. அவர் நெற்றியில் பிளந்து ரத்தம் வழிந்தது. அவருக்கு அது தெரிந்ததாகவே தோன்றவில்லை.

நண்பனின் மனைவி பாலில்லாத கட்டன் சாயா கொண்டுவந்தாள். என்னால் கிளாசைப் பிடிக்க முடியவில்லை. அவள் பிடித்துக் குடிக்க வைத்தாள். பிறகு அண்ணனிடம் போய் நெற்றியைத் துணியால் அழுத்திக்கொண்டே ஏதோ கேட்டாள். அவர் மண்ணெண்ணெய் ஊற்றியதைச் சொன்னதும் துணியை அவர் கையிலேயே திணித்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

நான் வீட்டுக்குப் போனபோது உச்சி தாண்டியிருந்தது. ஈர உடையைப் பார்த்து மனைவி, "சத்தம் எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்டாள். நான் குளியலறையில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதேன். வாளியில் தண்ணீர் விழும் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

மறுநாள் என்ஜின் பட்டறைக்கு வந்தது. ஹெட்டைக் கழற்றினோம். இரண்டு பிஸ்டன்களின் விளிம்பிலும் எறும்பு அரித்ததுபோலச் சின்னச் சின்னக் குழிகள். ஒன்றில் ஒரு பள்ளம் மட்டும் ஆழமாக இருந்தது. கம்பியால் தொட்டுப் பார்த்தேன். அடியில் மிச்சமிருந்தது மெல்லிய தகடு. நண்பன் குனிந்து பார்த்துவிட்டு, "நீ தாங்கும்னு சொன்னியே" என்றான்.

"ஆமா."

"தெரிஞ்சிட்டா சொன்னே?"

"இல்ல."

அவன் அந்தப் பள்ளத்தை விரலால் தடவினான். "செரி. சொன்னதுனால திருகினேன்" என்றான். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

வேண்டுமானால் ஹெட்டுக்கு அடியில் கனமான கேஸ்கெட் தகடு போட்டுக் குழியைப் பழையபடி பெரிதாக்கித் தருகிறேன், மண்ணெண்ணெய் கிடைக்கும்வரை ஓட்டு என்றேன். அவன் கேட்கவில்லை. புதுப் பிஸ்டன் போட்டு, ஹெட்டின் குழிகளைத் தேய்த்து வழவழப்பாக்கிக் கொடுத்தேன். தேய்த்ததில் குழி ஒரு துளி பெரிதானது. மறுபடி அளந்தேன். இந்த முறை அளந்ததையே மூன்று தரம் அளந்தேன். என் கண்ணில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போயிருந்தது.

அளியன் பட்டறைக்கு ஒருநாள் தனியாக வந்தார். நெற்றியில் தையல். உள்ளே வராமல் வாசலில் நின்றார்.

"இரிங்க அண்ணா" என்றேன்.

"இல்ல. ஒண்ணு கேக்கணும். அந்த டாங்கு வெயிலுல சூடானா தீப் பத்துமா?"

நான் விளக்கிச் சொன்னேன். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், நிழலில் வைக்க வேண்டும், ஆவி தேங்கக் கூடாது, வள்ளத்தில் பீடி கூடாது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். போகும்போது, "பயம் போவாது, கேட்டியளா. எண்ணெ மாறினாலும் போவாது" என்றார்.

அவர்கள் முதல்முறை வலையோடு போன அன்று எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு ஜீப் ஹெட்டை மெஷினில் ஏற்றிவிட்டு, கட்டரை இறக்காமலே நின்றுகொண்டிருந்தேன். போனை மேசைமேல், கண்ணுக்கு நேராக வைத்திருந்தேன். ஒவ்வொரு முறை அது அதிர்ந்தபோதும் வேறு யாரோ. தெருவில் போகும் பைக்குகளில் எல்லாம் அந்தத் தட்டல் கேட்பதுபோல இருந்தது. சிலவற்றில் உண்மையிலேயே இருந்திருக்கலாம்.

கடைசியில் அவன் அழைத்தான். பின்னால் ஏலம் போடும் கூச்சல்.

"வந்தாச்சு. சத்தம் ஒண்ணுமில்ல. சாள மீனு நல்லாக் கெடச்சு. வா, வந்து வாங்கிட்டுப் போ."

போனேன். கடல் அடங்கிக் கிடந்தது. பிள்ளைகள் நுரையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். வள்ளம் மணலில் ஏறி நிற்க, அவன் அதன் பக்கத்திலிருந்து கையசைத்தான்.

"எறங்கி வாலே!"

சாலை முடியும் இடத்தில், கடல் தின்று மிச்சம் வைத்த தார் விளிம்பில் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தேன். ஒரு காலை மணலில் வைத்துப் பார்த்தேன். அது இளகிக் கீழே போனது. காலை எடுத்துக்கொண்டேன்.

"நான் இஞ்சயே நிக்கேன்" என்று கத்தினேன்.

அவன் சிரித்தான். அளியன் சிரிக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் பையில் மீனை அள்ளிப் போட்டுக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய என்னிடம் ஏறி வந்துகொண்டிருந்தார்.